பாட ஓரத்தில் கூட்டுக் குறிப்பு: இணையக் கருவிகளும் மலையக வகுப்பறைகளும்

தரம் 10 மாணவர் நாற்பது பேருக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்து, நாளை வரும்போது வாசித்துக்கொண்டு வாருங்கள் என்று தமிழ் ஆசிரியர் சொல்லி அனுப்பினால், மறுநாள் வகுப்பில் அவர் அறிந்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு. யார் வாசித்தார், யார் பஸ்ஸில் வரும்போது தலைப்பை மட்டும் பார்த்தார், எந்தப் பந்தியில் பெரும்பாலானோர் நின்றுவிட்டனர், எந்த வாக்கியத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பொருள்கொண்டனர் என்பவற்றில் எதுவும் வெளியே தெரிவதில்லை. கேள்வி கேட்டால் கையை உயர்த்துபவர்கள் வழக்கமான நான்கைந்து பேரே. வாசிப்பு ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் தனித்தனியே நடந்து முடிந்துவிடுவதால், அதில் நேரும் இடறல்கள் பரீட்சை விடைத்தாளில்தான் முதன்முதலாகத் தென்படுகின்றன. அப்போது அவற்றைத் திருத்தக் காலம் கடந்துவிடுகிறது.

இணையவழிக் கூட்டுக் குறிப்புக் கருவிகள் இந்தச் சிக்கலை நோக்கியே உருவானவை. ஒரு கட்டுரையையோ கவிதையையோ திரையில் திறந்து, ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ தெரிவுசெய்து, அதன் அருகிலேயே ஒரு கேள்வியை, விளக்கத்தை அல்லது மறுப்பை எழுதலாம். அதே வகுப்பைச் சேர்ந்த மற்றவர்கள் அதைப் பார்த்து அதற்கடியில் பதில் எழுதலாம். ஆசிரியர் அனைத்தையும் ஒரே பார்வையில் காண்கிறார். உரையாடல் பாடத்தை விட்டு விலகி வேறோர் இடத்தில் நடப்பதில்லை என்பதே இவற்றின் சிறப்பு. வட்ஸ்அப் குழுவில் "மூன்றாம் பந்தியில் நான்காவது வரி விளங்கவில்லை" என்று ஒரு மாணவி எழுதினால், பதில் சொல்ல விரும்புபவர் முதலில் அந்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும்; தேடுவதற்குள் இருபது காலை வணக்கப் படங்கள் வந்து விழுந்து, கேள்வியே கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும்.

இந்த எண்ணம் தமிழுக்கு அந்நியமானதல்ல. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாக மரபு சொல்கிறது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை அறிந்த நச்சினார்க்கினியர் பல இடங்களில் அதை மறுத்துத் தம் பொருளை நிறுவுகிறார். "என்பாரும் உளர்" என்று பிறர் கருத்தைச் சுட்டிவிட்டு அதனோடு வாதிடுவது உரையாசிரியர்களின் வழக்கமான நடை. நூற்றாண்டுகள் இடைவெளியில் ஒரே வரியைச் சுற்றி நடந்த வாதங்கள் அவை. மாணவரின் கற்றலைப் பற்றிப் பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்வது இன்னும் நேரடியாகவே பொருந்துகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் கற்றலில் காற்பங்குதான் கிடைக்கும், உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில் எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. நம் வகுப்பறைகள் பெரும்பாலும் அந்த முதற் காற்பங்கோடு நின்றுவிடுகின்றன. "அவ்வினையாளரொடு பயில்வகை" எனப்பட்ட அடுத்த பங்குக்கும் எடுத்துரைத்தலுக்கும் நாற்பது நிமிடப் பாடவேளையில் இடம் கிடைப்பதில்லை.

வலையில் இந்த முயற்சி வலையின் பிறப்போடு ஒட்டியே தொடங்கியது. 1993இல் வெளிவந்த மொசைக் உலாவியை உருவாக்கியவர்கள், ஒரு பக்கத்தின் மேல் பலர் குறிப்பெழுதும் வசதியையும் அதில் சேர்க்க முயன்றனர். அத்தனை குறிப்புகளையும் தாங்கும் வழங்கி (சேர்வர்) இல்லாததால் அது கைவிடப்பட்டது. 1999இல் தேர்ட் வொய்ஸ் என்ற நிறுவனம், எந்த இணையத்தளத்தின் மேலும் யாரும் குறிப்பெழுதலாம் என்று ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. தங்கள் பக்கத்தில் அந்நியர் எழுதுவதை விரும்பாத தள உரிமையாளர்கள் எதிர்த்தனர். 2001இல் அதுவும் மூடப்பட்டது. பொது வெளியில் தடுமாறிய இந்த எண்ணம் கடைசியில் வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான் காலூன்றியது. இதில் வியப்பில்லை. ஒருவரை ஒருவர் அறிந்த, ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் வாசிக்கின்ற, கண்காணிக்க ஓர் ஆசிரியரும் உள்ள கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவான என்பி என்ற கருவி இவற்றில் முன்னோடி. பிடிஎஃப் கோப்பின் ஓரத்தில் மாணவர் குறிப்பெழுதும் அக்கருவியைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, 91 மாணவர் கொண்ட ஒரு வகுப்பில் ஒரே பருவத்தில் 14,000க்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதப்பட்டதைப் பதிவுசெய்தது. சராசரியாக ஒருவருக்கு நூற்றைம்பதைத் தாண்டும் இந்த எண்ணிக்கையை எந்த வாய்மொழி வகுப்பிலும் எதிர்பார்க்க முடியாது. அடுத்து, ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழுவில் பெரூசல் என்ற கருவி உருவானது. அதன் ஆக்குநர்களே 2018இல் வெளியிட்ட ஆய்வு, அதைப் பயன்படுத்திய பெரும்பாலான மாணவர் வகுப்புக்கு வருமுன் பாடத்தை வாசித்து முடித்திருந்தனர் என்றும், பயன்படுத்தாத அணியோடு ஒப்பிட்டபோது பரீட்சையில் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகப் பெற்றனர் என்றும் காட்டியது. கருவியை உருவாக்கியவர்களே செய்த ஆய்வு என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு மடிகணினியும் தடையற்ற இணைப்பும் உள்ள இடத்தில் கிடைத்த பெறுபேறு அது; அதை அப்படியே மலையகத்தின் மஸ்கெலியாவுக்கோ லுணுகலைக்கோ தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் பெறுபேற்றுக்குப் பின்னால் உள்ள காரணம் மலையேறி வரக்கூடியது. தாம் எழுதுவதை உடன் பயில்வோர் வாசிக்கப்போகின்றனர் என்று தெரிந்தால் மாணவர் கவனமாக வாசிக்கிறார். அதற்கு மடிகணினி கட்டாயமில்லை.

இன்று பரவலாக உள்ள இன்னொரு கருவி ஹைப்போதசிஸ். 2011இல் இலாபநோக்கற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்ட இதன் மூலநிரல் திறந்தது. குறிப்பும் பாடமும் வெவ்வேறு இடங்களில் சேமிக்கப்படுவதே இதன் அடிப்படை. மூலப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. குறிப்புகள் அதன் மேல் விரிக்கப்பட்ட இன்னொரு தாள் போல நிற்கின்றன. இந்த அமைப்பை, வலைக்கான நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 பெப்ரவரி 23இல் நியமமாகவே வெளியிட்டது. எமது பாடசாலைகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் பயன் உடனே விளங்கும். 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் திட்டத்தின் கீழ் கிடைக்கும் புத்தகங்களை நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்து அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்பதால், புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்றே நாம் பழக்கப்பட்டோம். ஓரத்தில் எழுதிப் படிக்கும் பழக்கம் எமக்கு வாய்க்காமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எந்தக் கருவி எவருக்கு

பேராதனைப் பல்கலைக்கழக மாணவருக்கும் பொகவந்தலாவையில் க.பொ.த. சாதாரண தரம் படிக்கும் மாணவருக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பது பயனற்றது. அரச பல்கலைக்கழகங்கள் மூடில் போன்ற கற்றல் முகாமைத்துவத் தொகுதிகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றன. 2020இல் பெருந்தொற்றின்போது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக அந்தத் தளங்களுக்குக் கட்டணமற்ற இணைப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெரூசலும் ஹைப்போதசிஸும் மூடிலோடு இணைக்கக்கூடியவை. எனவே பல்கலைக்கழகத்திலும், பத்தனை ஸ்ரீபாத போன்ற கல்வியியற் கல்லூரிகளிலும் அவற்றை முயன்று பார்ப்பது பொருத்தமே. நாளை தோட்டப் பாடசாலைக்குப் போகப்போகும் ஆசிரியப் பயிலுநர் ஒருவர் மாணவராக இருந்து இதை அனுபவித்திருந்தால், பின்னர் தம் வகுப்பில் நடத்துவது அவருக்கு இலகுவாகும்.

பாடசாலையில் நிலைமை வேறு. ஹைப்போதசிஸுக்குத் தனியான கைபேசிச் செயலி இல்லை; அதன் உலாவி நீட்சி கணினியில் உள்ள குரோமுக்கானது. கைபேசியின் சிறிய திரையில் குறிப்புப் பட்டை திறந்தால் பாடம் மறைந்துவிடுகிறது. பல வீடுகளில் இருப்பதோ ஒரே ஸ்மார்ட் போன். அது காலையில் தந்தையோடு வேலைக்குப் போய் இரவில்தான் வீடு திரும்பும். ஆகவே பாடசாலை மட்டத்தில் நான் முதலில் சொல்வது கூகுள் டொக்ஸ் ஆவணத்தின் கருத்துரை வசதியைத்தான். பார்வைக்கு எளிமையானது; ஆனால் கைபேசியில் ஒழுங்காக வேலைசெய்கிறது, ஏற்கெனவே உள்ள ஜிமெயில் கணக்கே போதுமானது, ஒரு சொல்லைத் தெரிவுசெய்து குறிப்பெழுதவும் அதற்குப் பதில் எழுதவும் முடிகிறது. ஆவணத்தைத் திருத்தும் அனுமதியைக் கொடுக்காமல் கருத்துரைக்கும் அனுமதியை மட்டும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே யாரோ ஒருவரின் விரல் பட்டுப் பாதிப் பாடம் காணாமற் போகும்.

பெரூசலின் தானியங்கி மதிப்பெண் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்புகளின் தரத்தை இயந்திரக் கற்றல் மூலம் அளந்து புள்ளி போடும் ஏற்பாடு அது. நூற்றுக்கணக்கான மாணவர் உள்ள வகுப்பில் அதன் தேவை புரிகிறது. தமிழ்க் குறிப்புகளுக்கு அதை ஏற்றுக்கொள்ள விரும்பும் ஆசிரியர், முதலில் இருபது குறிப்புகளைத் தாமே மதிப்பிட்டு இயந்திரத்தின் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. நீளமாக எழுதினால் புள்ளி கூடும் என்று மாணவர் ஒருமுறை கண்டுகொண்டால், குறிப்பு எழுதுவது இன்னொரு பரீட்சைப் பயிற்சியாகிவிடும். புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி உயர் தரம் வரை புள்ளிகளுக்காகவே படித்துப் பழகிய எம் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். எழுதியவருக்கு எழுதியதற்காக ஒரு சிறு புள்ளி, அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு.

திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும்

மலையகத்தில் இணையக் கல்வி என்றதும் பேச்சு உடனே சிக்னலுக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிகளுக்கு ஏறியதைப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. கோபுரம் மலையின் ஒரு முகத்தில் நிற்க, லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மறுமுகச் சரிவில் இருந்தால் அலை அங்கே வந்து சேர்வதில்லை. அது நிலவமைப்பின் விளைவு. ஆனால் கூட்டுக் குறிப்புக்கு நேரலை தேவையில்லை என்பது இங்கே ஆறுதல். ஸூம் வகுப்பில் மாலை நான்கு மணிக்குச் சிக்னல் இல்லாதவர் வகுப்பையே இழக்கிறார். குறிப்பெழுதுபவர் இரவு பத்து மணிக்குப் போன் கைக்கு வந்த பிறகு எழுதினாலும் அது உரிய வரியின் அருகிலேயே போய் அமர்கிறது. டேட்டாச் செலவும் வெகு குறைவு. இரண்டாயிரம் எழுத்துக்குறிகள் உள்ள ஒரு தமிழ்ப் பக்கம் எழுத்துவடிவில் ஏறத்தாழ ஆறு கிலோபைட். அதே பக்கத்தின் வருடிய (ஸ்கேன் செய்த) படமோ நூற்றுக்கணக்கான கிலோபைட் ஆகலாம்.

அதனால்தான் சிக்னலைவிட முதன்மையானதாக எனக்குத் தோன்றும் தடை வேறொன்று: குறிப்பெழுதத் தகுந்த நிலையில் தமிழ்ப் பாடம் இருப்பதில்லை. இதுபற்றி ஆசிரியர் செயலமர்வுகளில் ஏன் பேசப்படுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் கருவிகள் அனைத்தும் எழுத்துகளைத் தெரிவுசெய்ய முடியும் என்ற அடிப்படையில்தான் இயங்குகின்றன. எமது கைக்கு வரும் தமிழ்க் கோப்புகளில் பெரும்பகுதி இந்த அடிப்படையிலேயே தோற்றுப்போகிறது. தோற்கும் விதமும் ஒன்றல்ல.

சில கோப்புகள் வெறும் படங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக எழுத்துகளும் ஏராளமாக உள்ளன. வேறெங்கும் கிடைக்காத சஞ்சிகைகளை அங்கே வாசிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை வருடப்பட்ட பக்கங்கள். கண்ணால் வாசிக்கலாம், விரலால் ஒரு சொல்லைத் தெரிவுசெய்ய முடியாது.

வேறு சில கோப்புகளில் எழுத்து இருக்கும், ஆனால் அது தமிழாக இருக்காது. இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட ஆவணம் ஒன்றில் 'அம்மா' என்று திரையில் தெரியும் சொல், உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துரு என்ற முகமூடிதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. மாணவர் அந்தச் சொல்லைத் தெரிவுசெய்து குறிப்பெழுதினால், குறிப்புப் பட்டையில் மேற்கோளாக வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடல் வேலைசெய்யாது, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் செயலியும் உளறும். வலயக் கல்வி அலுவலகச் சுற்றுநிருபத்திலிருந்து பழைய வினாத்தாள்கள் வரை இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது வகை, ஒருங்குறியில் (யூனிகோட் எனப்படும் பொதுக் குறியேற்றத்தில்) எழுதப்பட்டிருந்தாலும் பிடிஎஃப் ஆக மாற்றும்போது சிதைந்தது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு இடப்புறம் தோன்றினாலும், ஒருங்குறியில் அவை மெய்யெழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்பட வேண்டும். பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் பல வேளைகளில் தோற்ற வரிசையையே பதிந்துவிடுகிறது. அதனால் 'பெண்' என்பதைப் பிரதிசெய்து ஒட்டினால் 'ெபண்' என்று வருகிறது. இதைப் பார்க்காத தமிழ் ஆசிரியர் இருக்க மாட்டார். ஒகர, ஓகாரக் குறிகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'கொ' என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டுக் குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமமானவையென்று ஒருங்குறி நியமம் சொன்னாலும், அதைக் கவனிக்காத மென்பொருளுக்கு அவை இருவேறு சொற்கள்.

இவை வெறும் அழகியல் குறைகள் அல்ல. ஒரு குறிப்பு தன் இடத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். ஹைப்போதசிஸ், தெரிவுசெய்த சொற்களோடு அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள 32 எழுத்துக்குறிகளையும், பக்கத் தொடக்கத்திலிருந்து அவை எத்தனையாவது குறியில் தொடங்குகின்றன என்பதையும் சேர்த்தே சேமிக்கிறது. பக்கம் சிறிது மாறினாலும் இந்தச் சான்றுகளைக் கொண்டு பழைய இடத்தைத் தேடிப் பிடிக்கிறது. பிடிக்க முடியாதவற்றை அக்கருவியே அநாதைக் குறிப்புகள் எனத் தனியே ஒதுக்கிவிடுகிறது. உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால், 32 குறிகள் தமிழில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வராது. ஒரு வகுப்பு பாமினிக் கோப்பில் குறிப்பெழுதத் தொடங்கி, பாதி வழியில் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு அதை ஒருங்குறிக்கு மாற்றிப் பதிவேற்றினால், அதுவரை எழுதிய அத்தனை குறிப்புகளும் இடமிழந்து போகும்.

எனவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் பாடத்தை ஒருங்குறி எழுத்தாக்கிச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே கருவி. பாமினிக் கோப்பை மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. வருடிய பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி டொக்ஸாகத் திறந்தால் எழுத்துணரி அதைத் தமிழ் எழுத்தாக்கித் தரும். ழகர, ளகரக் குழப்பங்களையும் விடுபட்ட புள்ளிகளையும் கண்ணால் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய இலக்கியம் என்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூற்றொகுப்பில் ஆயத்தமான எழுத்துவடிவம் கிடைக்கும். இரண்டு பக்கப் பாடத்தைத் திருத்த ஒரு மாலைப்பொழுது செலவாகலாம். ஆனால் ஒருமுறை திருத்தியது எத்தனை வகுப்புக்கும் உதவும்.

பதிப்புரிமையும் கவனத்துக்குரியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஓர் ஆக்கத்தின் உரிமை எழுதியவரின் வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. 1984இல் மறைந்த மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளை முழுமையாகத் தட்டச்சுச் செய்து பொது வெளியில் ஏற்றுவது அனுமதியின்றிச் செய்யக்கூடியதல்ல. வகுப்புக்குள் மட்டும் திறக்கும் சிறு பகுதி வேறு விடயம்.

பிள்ளைகள் உரையாசிரியராகும் இடம்

பாடநூலில் உள்ள கட்டுரையை விளங்கிக்கொள்ள உதவுவது இந்தக் கருவிகளின் ஒரு பயன்தான். மலையகத்தில் இதைவிடப் பெரிய பயன் ஒன்று இருப்பதாக எண்ணுகிறேன். எம் பிள்ளைகள் பாடநூலின் முன் எப்போதும் அறியாதவர்களாகவே அமர்த்தப்படுகின்றனர். அருஞ்சொற்பொருள் யாரோ எழுதியது, விளக்கம் யாரோ தந்தது. ஆனால் தோட்டத்துப் பாட்டிமார் பாடும் ஒரு தாலாட்டையோ ஒப்பாரியையோ வேலைப்பாட்டையோ பிள்ளைகளே கேட்டு எழுதிக்கொண்டு வந்து பொது ஆவணத்தில் ஏற்றினால், நிலைமை தலைகீழாகிறது. பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுத்தல்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), அரைப்பேர் (அரைநாட் சம்பளம்), பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம்) போன்ற சொற்களுக்குக் கொழும்புப் பாடநூல் ஆசிரியரைவிட டிக்கோயாவின் பதினைந்து வயதுப் பிள்ளை சரியான உரை எழுத முடியும். எந்தப் பழைய உரிமையாளரின் அனுமதியும் தேவைப்படாத, முதல் எழுத்திலிருந்தே ஒருங்குறியில் உள்ள பாடம் அது. மேலே சொன்ன இரண்டு தொல்லைகளும் அங்கே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு பாட்டில் கோப்பிச் செடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் தேயிலையையே கண்டு வளர்ந்த மாணவி, இங்கே கோப்பி எங்கிருந்து வந்தது என்று குறிப்பெழுதுகிறாள். வரலாறு படிக்கும் ஒருவன், 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்ததையும், அந்த நிலங்களில்தான் தேயிலை பரவியதையும் பதிலாக எழுதுகிறான். இன்னொருத்தி, தன் கொள்ளுப்பாட்டி கோப்பிக் காலத்து வழிநடைப் பயணத்தைப் பற்றிச் சொன்னதாக வீட்டில் கேட்டதைச் சேர்க்கிறாள். ஆசிரியர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு, பாட்டு எக்காலத்தது என்ற கேள்விக்கு வகுப்பை நகர்த்தலாம். ஒரு சொல்லின் மேல் கட்டப்பட்ட நான்கு குறிப்புகளில் மொழியும் வரலாறும் குடும்ப நினைவும் சந்தித்துவிட்டன. நாற்பது நிமிடத்தில் நாற்பது பேரைப் பேசவைத்து இதைப் பெறுவது கடினம்.

வாய் திறக்காத பிள்ளைகள் எழுத்தில் வெளிப்படுவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே உள்ள தூரத்தால், தவறாகப் பேசிவிடுவோமோ என்று அடங்கிப்போகும் பிள்ளைகள் ஏராளம். குறிப்பில் யோசித்து எழுதலாம், அழித்து எழுதலாம். தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரியாது என்ற தயக்கத்துக்குக் கூகுளின் குரல்வழித் தட்டச்சு ஓரளவு உதவும். அதில் இலங்கைத் தமிழ் தனித் தெரிவாகவே இருக்கிறது. வட்ஸ்அப் பழக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பிள்ளையை முதல் இரண்டு வாரங்களுக்குத் தடுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. கேள்வி வரட்டும், எழுத்து பின்னால் வந்து சேரும். தமிழாசிரியர்கள் சிலர் இதை ஏற்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. முதலில் எழுதுபவரின் பொருள்கோள் பின்னால் வருபவர்களை இழுத்துச் சென்றுவிடும். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர்பெற்றவள் ஒரு வரிக்குப் பொருள் எழுதிவிட்டால் மற்றவர்கள் "நானும் அப்படியே நினைக்கிறேன்" என்று ஒதுங்கிவிடுவர். இதைத் தவிர்க்க ஹைப்போதசிஸில் ஒரு வழி உண்டு: குறிப்பை முதலில் தனக்கு மட்டும் தெரியுமாறு எழுதிவைத்து, குறித்த நாளில் அனைவரும் குழுவுக்குத் திறந்துவிடலாம். கூகுள் டொக்ஸில் அப்படி மறைக்க முடியாது. அங்கே ஐவர் அறுவர் கொண்ட குழுக்களுக்கு ஒரே பாடத்தின் தனித்தனிப் பிரதிகளைக் கொடுத்து, கடைசியில் ஒப்பிடச் செய்யலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த பொதுவான விளக்கத்தை ஒட்டிவிடும் பழக்கமும் வரத்தான் போகிறது. அதை முற்றாகத் தடுக்க வழி இல்லை. ஆனால் "இந்த வரியை உங்கள் வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டி அவர் சொன்னதை எழுதுங்கள்" என்று கேட்டால் ஒட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

பிள்ளைகளின் குறிப்புகளை யார் பார்க்கலாம் என்பதும் கண்டிப்பாகத் தீர்மானிக்கப்பட வேண்டியது. ஹைப்போதசிஸின் பொதுக் குழுவில் எழுதப்படுபவை உலகம் முழுவதற்கும் தெரியும். அவை எவரும் எடுத்தாளக்கூடிய பொது உரிமையின் கீழும் வந்துவிடுகின்றன. பாடசாலைப் பிள்ளைகள் அங்கே எழுதவே கூடாது. தனிக்குழு உருவாக்கியே தொடங்க வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. குடும்ப நினைவுகளை எழுதச் சொல்லும்போது இது இன்னும் பாரதூரமானது. கடன், குடி, வெளிநாட்டுக்குப் போன தாய் என்று லயத்து வாழ்க்கையின் உள்விடயங்கள் ஒரு பாட்டின் ஓரத்தில் தன்னாலேயே வந்து விழும். ஆசிரியர் அந்த ஆவணத்தை வாரத்துக்கு ஒருமுறை அல்ல, நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கக் கூடியவராக இருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம்.

இணைப்பே இல்லாத தோட்டப் பிரிவில் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. வரி எண் இட்ட பாடத்தை அகன்ற ஓரத்தோடு அச்சிட்டு, நான்கு பேருக்கு ஒரு தாள் என்று கொடுத்து, ஒவ்வொருவரும் வெவ்வேறு நிற மையில் எழுதி அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவது நடைமுறையில் சாத்தியமானது. வார முடிவில் பாடசாலைக் கணினி அறையிலோ ஆசிரியரின் போனிலோ சுழற்சி முறையில் இருவர் அவற்றைப் பொது ஆவணத்தில் பதியலாம். வரியோடு ஒட்டிய குறிப்பு, உடன் பயில்பவரின் பதில், ஆசிரியரின் மேற்பார்வை என்ற மூன்றும் அப்போதும் கிடைத்துவிடுகின்றன.

நடைமுறைக்கு முதலில் வேண்டியது புதிய செயலி அல்ல, திருத்தப்பட்ட பாடங்களின் ஒரு பொதுக் கோப்புறை. ஹட்டன் வலயத்தில் ஒருவர் ஒரு பாடத்தை ஒருங்குறியாக்கிச் சரிபார்த்திருக்கிறார் என்பது வலப்பனையில் இருப்பவருக்குத் தெரியாததால், அதே மாலைப்பொழுது மீண்டும் மீண்டும் செலவழிகிறது. தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர்கள் தங்கள் வலயத்தில் திருத்தி முடித்த பாடங்களை, திருத்தியவரின் பெயரோடும் திகதியோடும், இனி மாற்றப்படாத பிரதியாக ஓரிடத்தில் சேர்த்துவைத்தால், அடுத்த தவணையில் ஓர் ஆசிரியர் செய்ய வேண்டியது அந்தப் பிரதியைத் திறந்து தம் வகுப்பைச் சேர்த்துக்கொள்வது மட்டுமே.